பத்து வாரம் நடந்தும் ஒரு கிலோதான் குறைந்தது, நடையை விட்டுவிடலாமா?

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்து 46 வயது ஆச்சி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பேர், வீட்டை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஆனி மாதம் நடக்க ஆரம்பித்திருக்கிறார். விடிகாலையில் ஊருணிக் கரையைச் சுற்றி முக்கால் மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். நடுவில் ஒரு கேதம், இரண்டு நாள் காய்ச்சல் என்று சில நாள் விட்டுப்போனாலும், பத்து வாரத்தில் 52 நாள் நடந்திருக்கிறார் (நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்). உயரம் 154 செ.மீ. ஆரம்பத்தில் எடை 78.4 கிலோ, இப்போது 77.3. கூடவே நடக்கிற வீட்டுக்காரருக்கு மூன்று கிலோ குறைந்திருக்கிறது. சோற்றையே நிறுத்திவிட்ட கொழுந்தியாளுக்கு முதல் வாரத்திலேயே நாலு கிலோ. "நீ நடந்து என்னத்தக் கண்டே" என்று வீட்டில் ஒரு பேச்சு வந்த அன்று, எடை மெஷின் மேல் நின்றபடியே அழுதுவிட்டதாக எழுதியிருக்கிறார். தைக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் 15 கிலோ குறைய வேண்டும் என்பது அவர் ஆசை. போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வந்தபோதுகூட எடை ஒன்றரை கிலோ கூடியதாம். அதனால் தன் உடம்பே நடைக்குக் கேட்காத உடம்போ என்று சந்தேகப்படுகிறார். தெரிந்த ஒரு பெண் மாதம் 4,800 ரூபாய்க்கு "கொழுப்பைக் கரைக்கும் மூலிகைப் பொடி" தருகிறேன் என்று 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். அக்காவோ, தான் சாப்பிடுகிற தைராய்டு மாத்திரையைக் கொஞ்ச நாள் போட்டுப்பார் என்கிறார். நடையை விட்டுவிட்டு இவற்றில் ஒன்றுக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி.

ஆச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுத் தாண்டிப்போன நாலு வரியில். இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. இருந்தது 98 ஆகியிருக்கிறது. எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2-லிருந்து 5.9-க்கு வந்திருக்கிறது. மாத்திரை எதுவும் இல்லாமலே ரத்த அழுத்தம் 142/90-லிருந்து 134/84. முன்பு மச்சுக்கு ஏறும்போது நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிய நீங்கள் இப்போது துணிக்கூடையோடு ஒரே மூச்சில் ஏறுகிறீர்கள், ரவிக்கையும் தளர்ந்திருக்கிறது. இதையெல்லாம் எழுதிவிட்டு, "ஆனா எடைதான் குறையவே இல்லை" என்று முடித்திருக்கிறீர்கள். இந்த அறிக்கையோடு ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் நான் சந்தோஷப்படுவேன். நீங்கள் அழுதிருக்கிறீர்கள் என்பதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது.

சரி, அந்த ஒரு கிலோவை எடுத்துக்கொள்வோம். அது குறைவு என்று ஏன் நினைக்கிறீர்கள்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி சேர்ந்திருக்கிறது. உங்கள் எடையில் ஒருவர் முக்கால் மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சுமார் 130 முதல் 150 கலோரி கூடுதலாகச் செலவாகும். 52 நாளால் பெருக்குங்கள். ஏழாயிரத்தை ஒட்டி வரும், கிட்டத்தட்ட ஒரு கிலோ. உங்களுக்குக் குறைந்தது 1.1 கிலோ. அதாவது நீங்கள் நடந்த நடை எவ்வளவு தர முடியுமோ அவ்வளவையும் பைசா குறையாமல் தந்திருக்கிறது. உங்கள் உடம்பு நடைக்கு நன்றாகவே கேட்கிறது. நடை மட்டுமே மாதம் மூன்று கிலோ குறைக்கும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், தப்பு அங்கேதான்.

இதே கணக்கை அடுப்படிப் பக்கமிருந்தும் பாருங்கள். 140 கலோரி என்பது எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரம் ஒன்றரை அல்லது இரண்டு. பச்சரிசியை அளந்து அதே படியில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அரைத்துச் சுடுகிற அந்தப் பணியாரத்தை நான் குறைசொல்லவில்லை, அது நம் ஊர்ச் சொத்து. ஆனால் காலை நடை முழுவதையும் சாயங்காலம் இரண்டு பணியாரம் எடுத்துக்கொண்டு போய்விடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு கிலோவாவது குறைந்திருக்கிறதென்றால், நடக்கிறோமே என்று சாப்பாட்டைக் கூட்டாமல் இருந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறையப் பேருக்கு இது கைகூடுவதில்லை. நடையால் பசி கூடும், "இன்னைக்குத்தான் நடந்தாச்சே" என்று மனசும் இடம் கொடுக்கும், மத்தியானம் அசதியில் கூடக் கொஞ்சம் படுத்துவிடுவோம், எல்லாமாகச் சேர்ந்து காலையில் செலவழித்ததை ஈடுகட்டிவிடும்.

எடை மெஷின் காட்டுவது கொழுப்பை மட்டும் இல்லை

தினம் மூன்று வேளை எடை பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ஒரே நாளுக்குள் ஒன்று ஒன்றரை கிலோ ஏறி இறங்குவது எல்லாருக்கும் சாதாரணம். முதல் நாள் கருவாட்டுக் குழம்பும் வத்தலும் அப்பளமுமாகச் சாப்பிட்டிருந்தால், அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலச்சிக்கல் இருந்தால் கூடும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் கூடும். உங்களுக்கு இப்போது விலக்கு முன்னே பின்னே வருகிறது என்பதால் அந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டி யூகிக்கவும் முடியாது. வாரத்துக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று குறைகிற கொழுப்பு, இந்தத் தண்ணீர் ஆட்டத்துக்குள் மறைந்துபோய்விடும். பத்து வாரம் பொறுத்தவர்கள் பதினோராவது வாரம் விட்டுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

பழனி விஷயமும் இதுதான். குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பி நாள்கணக்கில் நடந்தீர்கள். பழக்கமில்லாத தூரம் நடந்தால் தசை இழைகளில் சின்னச் சின்னக் காயம் ஏற்படும், அதை ஆற்றுவதற்கு உடம்பு அங்கே நீரைச் சேர்க்கும். பாதமும் கணுக்காலும் வீங்கும். வழியெல்லாம் அன்னதானம், சோறும் உப்பும் தாராளம். திரும்பி வந்த மறுநாளே எடை பார்த்தீர்கள், கூடத்தான் செய்யும். பத்து நாள் கழித்துப் பார்த்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். அப்புறம் ஒன்று, அத்தனை கூட்டத்தில் வழியில் நத்தம் ஊரைத் தாண்டியதும் "இன்னும் மலை தெரியலையே, திரும்பிப் போயிடலாமா" என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இன்று எந்த ஊர், ராத்திரி எங்கே தங்கல், அவ்வளவுதான் பேச்சாக இருந்திருக்கும். அந்த நடையை நடந்து முடித்தவர் நீங்கள். பொறுமை எனக்கில்லை என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

கொழுந்தியாளின் நாலு கிலோவுக்கு வருகிறேன். நம் ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் வாரத்தில் அந்த இருப்பு தீர்ந்து, தண்ணீரும் சேர்ந்து வெளியேறும். எண் அழகாக இறங்கும். மறுபடி சோறு சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்பி வரும். அவர் தப்பு செய்கிறார் என்று சொல்லவில்லை, அவருடைய முதல் வாரத்தோடு உங்கள் பத்து வாரத்தை ஒப்பிட முடியாது என்றுதான் சொல்கிறேன். வீட்டுக்காரர் கதை வேறு. ஆண்களுக்குத் தசை அதிகம், அவர் எடையும் உங்களைவிடக் கூடுதல், அதே தூரத்துக்கு அவருக்குச் செலவு அதிகம். அதோடு அவர் சாயங்காலக் கடை வடையை விட்டுவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று கிலோவில் வடைக்குப் பெரிய பங்கு உண்டு.

"எனக்குத் தசை கூடியிருக்கும், அதனாலதான் எடை குறையலைன்னு மகள் சொல்றா" என்று ஆறுதல்பட்டிருக்கிறீர்கள். இதில் மட்டும் மகளோடு ஒத்துப்போக முடியவில்லை. இந்த வயதில் வெறும் நடையால் கிலோகணக்கில் தசை சேராது. சொல்லப்போனால் மாதவிலக்கு நிற்கப்போகிற காலத்தில் தசை குறையவும், கொழுப்பு இடுப்பிலும் வயிற்றிலும் போய்ச் சேரவும்தான் வாய்ப்பு அதிகம். அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும், கீழே சொல்கிறேன்.

எடைக்கு முன்னால் வந்துசேர்கிறவை

உடற்பயிற்சியின் பலன்கள் ஒரு வரிசையில்தான் வரும், எடை அதில் கடைசியில் நிற்கிற ஆள். ஒரு நாள் நடந்தாலே தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் திறன் கூடுகிறது, அது ஒன்றிரண்டு நாளுக்கு நிற்கும். அதனால்தான் தொடர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் நடையை விடாதீர்கள் என்று சர்க்கரைக்காரர்களிடம் சொல்கிறோம். அடுத்து ரத்த அழுத்தம், தூக்கம், மூச்சு. ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் படிந்திருக்கிற உள்வயிற்றுக் கொழுப்பு, எடை பெரிதாக மாறாதபோதே குறைய ஆரம்பித்துவிடும். உங்கள் இடுப்பளவு மூன்று செ.மீ. குறைந்தது இப்படித்தான். நம் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பது அளவுகோல், அதனால் போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. ஆனால் போகிற திசை சரி.

இது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். எந்த மாற்றமும் செய்யாத குழுவில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் சரிசெய்துகொண்ட குழுவில் அது சுமார் 39 பேர். இதில் உங்களுக்காக நான் எடுத்துக்காட்ட விரும்புவது, அந்த இரண்டாவது குழுவுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதைத்தான். எடை மெஷினில் ஒன்றும் தெரியாமலேயே அவர்களில் பலர் நோயிலிருந்து தப்பினார்கள். உங்கள் 6.2 என்பது அதே வாசல்தான் ஆச்சி (5.7 முதல் 6.4 வரை அந்த எல்லை). நீங்கள் அங்கிருந்து பின்னால் நடந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு விரலை எடுத்தது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த 5.9-ஐ இன்னொரு தடவை பாருங்கள்.

அதற்காக எடை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற உங்கள் பிஎம்ஐ 32.6. நம் நாட்டு அளவுகோலில் 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல்பருமன். முழங்காலுக்கும் இதயத்துக்கும் எடை குறைவது அவசியம். ஆனால் 15 கிலோ குறைந்தால்தான் பலன் என்பது தப்பு. இப்போதைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது நாலு கிலோ குறைந்தாலே சர்க்கரை, அழுத்தம், ரத்தக் கொழுப்பு மூன்றும் நன்றாக இறங்கும். தைக் கடைசிவரை இருபது வாரத்துக்கு மேல் இருக்கிறது. நடையோடு சாப்பாட்டையும் கொஞ்சம் மாற்றினால் ஐந்து முதல் ஏழு கிலோ வரை எதிர்பார்க்கலாம். பதினைந்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டினி கிடந்து அதைச் செய்தால் தசை போகும், முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரும், கல்யாண வீட்டில் உங்களால் நிற்கவும் முடியாது.

பொடி, அக்காவின் மாத்திரை, ஊசி

பொடியை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதவில்லை என்கிறீர்கள், அந்த ஒரு காரணமே போதும். சிபுட்ரமின் என்று ஒரு எடைக்குறைப்பு மருந்து இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்து 2011-ல் இந்தியாவில் தடைசெய்தார்கள். "மூலிகை" என்று விற்கப்பட்ட எடைக்குறைப்புப் பொருள்களில் அதே மருந்து கலந்திருந்ததை உலகத்தில் பல இடங்களில் சோதனையில் பிடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருக்கிற உங்களுக்கு இந்த விஷப்பரீட்சை வேண்டாம். உடல்பருமனைக் குணப்படுத்துகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. கொடுத்த 2,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். வாட்ஸப்பில் அவர் அனுப்பியதையும் பணம் அனுப்பியதற்கான தகவலையும் அழிக்காமல் வைத்திருங்கள். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. தெரிந்த பெண் என்பதால் அவ்வளவு தூரம் போக மனசு வராது, புரிகிறது. பணம் போனாலும் போகட்டும், பொடி மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது.

அக்கா அன்பில்தான் சொல்கிறார், ஆனால் அது ஆபத்தான யோசனை. தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனையில் உங்கள் டிஎஸ்ஹெச் 3.1, இது சரியான அளவு. தைராய்டு சரியாக இருக்கிறவர் அந்த மாத்திரையைப் போட்டால் படபடப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், நாள்பட எலும்பு தேயும். விலக்கு நிற்கப்போகிற வயதில் எலும்பை இழப்பது பெரிய நஷ்டம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையிலேயே தைராய்டு குறைவாக இருப்பவர்களுக்கும் அதனால் மட்டும் கூடுகிற எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். எல்லாப் பருமனையும் தைராய்டு தலையில் போடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது.

எடை குறைய வாரம் ஒரு தடவை போடுகிற ஊசியைப் பற்றி மகள் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். மவுன்ஜாரோ, வெகோவி என்று 2025-ல் நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்தவை அவை. பொடியையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், இவை முறையாக ஆராயப்பட்ட மருந்துகள், பலன் உண்டு. உங்கள் பிஎம்ஐக்கு ஒரு மருத்துவர் அதை எழுதித் தரலாம் என்பதும் உண்மை. ஆனால் செலவு அதிகம், குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும், பித்தப்பை, கணையம் பற்றி யோசிக்க வேண்டும், நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் உங்களுக்கு அது முதல் வழியாக எனக்குப் படவில்லை. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் அப்போது நேரில் உட்கார்ந்து பேசலாம், அப்படி எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி என்ன மாற்றலாம்

நேரத்தைக் கூட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், நீங்கள் ஏற்கெனவே 270-ல் இருக்கிறீர்கள். வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். கூட வருகிறவரோடு பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. ஊருணிக் கரையில் பக்கத்து வீட்டு ஆச்சியோடு ஊர்க்கதை பேசியபடி நடக்கிற வேகம் அதற்குப் பத்தாது. முதல் அரை மணி வேகமாக, கடைசிக் கால் மணி பேச்சோடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்குள்ளேயே சுற்றி வந்தால், சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை கணிசமாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாதபோதும் அந்த வளவே போதும், நம் பெரியவர்கள் அவ்வளவு நீளமாக வீட்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மழைச் சாரல் விழுந்த ஆத்தங்குடித் தரைக்கல் வழுக்கும், ஈரத்தில் மட்டும் நடக்காதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருவது, வளவுத் தூணில் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்து தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்குவது. பதினைந்து நிமிடம் போதும். தேய்ந்த ரப்பர் செருப்போடு நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள், குதிகால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஒரு நல்ல ஷூ வாங்குங்கள், பொடிக்குக் கொடுக்க இருந்த பணம் இருக்கிறதே.

சாப்பாட்டில் எதையும் அடியோடு நிறுத்தச் சொல்லப்போவதில்லை. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு முக்கால் லிட்டரைத் தாண்டினால் உங்கள் எடை நிற்கிற இடம் அதுதான். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் பசியில் கைக்குக் கிடைத்த சீடையையும் தேன்குழலையும் எடுப்பதைவிட, எட்டு மணிக்கே இரண்டு இட்லியும் ஒரு முட்டையுமோ, ஒரு கிண்ணம் பயறோ சாப்பிடுவது மேல். மத்தியானம் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டு. எண்ணெய்ப் பலகாரம் தினம் சாயங்காலம் என்பது வாரம் இரண்டு நாள் ஆகட்டும்.

கவுனி அரிசி எடையைக் குறைக்கும் என்று தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறீர்களாம். கறுப்பரிசியில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், நல்ல சத்துகளும் உண்டு, ஆனால் கலோரியில் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் வீடுகளில் அதைச் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப் பூவும் போட்டு அல்லவா கிண்டுகிறோம். அது விருந்துப் பண்டம், மாதம் ஒரு தடவை ஆசையாகச் சாப்பிடுங்கள். நெய்யும் வெல்லமும் சேர்த்துக் கிண்டுகிற கும்மாயத்துக்கும் இதே பதில்தான். கல்யாணப் பலகாரம் சுட ஆரம்பித்ததும் ருசிபார்க்கிற பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், அந்தப் பத்து நாளில்தான் பலருக்கு இரண்டு கிலோ ஏறுகிறது.

எடை மெஷினை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒரு மூலையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை காலை, கழிப்பறை போய்வந்து, காப்பி குடிக்கும் முன்னால், வாரம் ஒரு தடவை. பழைய வீட்டுத் தரை எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருக்காது, இடத்தை மாற்றினால் எண்ணும் மாறும், அதனால் எப்போதும் அதே இடத்தில். நாலு வெள்ளிக்கிழமையின் சராசரியை அதற்கு முந்தின நாலோடு ஒப்பிடுங்கள், ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடாதீர்கள். மாதம் ஒரு முறை இடுப்பளவு, தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட நிலையில். அதே நாள்காட்டியில் மச்சுப்படி ஏறினது எப்படி இருந்தது, ராத்திரித் தூக்கம் எப்படி என்றும் ஒரு வார்த்தை எழுதுங்கள். காத்திருக்கிற நாட்களில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது ஒன்று நகர்ந்துகொண்டே இருந்தால் காத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் அது கொழுப்பு இல்லை, உடனே காட்ட வேண்டும். பலத்த குறட்டையும் பகல் முழுக்கத் தூக்கக் கலக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்கணும், அதுவும் எடை குறையவிடாமல் பிடித்து வைக்கும். மேலே சொன்ன சாப்பாட்டு மாற்றங்களோடு மூன்று மாதம் போயும் இரண்டு கிலோகூட இறங்கவில்லை என்றால், நீங்கள் சாப்பிடுகிற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள், மூட்டுவலிக்கு என்று எங்கோ வாங்கிய பொட்டல மாத்திரையையும் சேர்த்து. அதில் எடையைக் கூட்டுகிற ஸ்டீராய்டு மருந்து இருந்தால் நடையால் ஈடுகட்ட முடியாது.

வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். அவருக்கு நான் சொல்வது இதுதான்: அண்ணே, நீங்கள் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையில் ஆச்சி பத்து வார நடையையே விட்டுவிடப் பார்த்தார். தினம் விடிகாலையில் கூடவே கிளம்புகிறீர்கள், அது பெரிய விஷயம், அதே மாதிரி வாயாலும் கூட நில்லுங்கள்.

ஆச்சி, கார்த்திகையில் எச்பிஏ1சி-ஐ மறுபடி பாருங்கள், இடுப்பளவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். தளர்ந்த ரவிக்கைகளை இப்போதே பிடித்துத் தைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கும் மார்கழிக் கடைசியில் அளவு கொடுத்தால் போதும். தையல்காரரிடம் இப்போதே சொல்லி நாள் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.